சேற்றுக்குள் ஒரு மீன்: கடிதமும் பதிலும்

வணக்கம்.
லாம்ப்ரே மீனின் வாயைப் படத்தில் பார்த்தேன். தாடையே இல்லை. வட்டமான உறிஞ்சி, அதற்குள் சுற்றிலும் பற்கள். மற்ற மீன்களின் ரத்தத்தைக் குடித்து வாழ்கிறதாம். இதைப் போய் ஐரோப்பாவில் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்களாமே, எதற்கு?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது அநேகமாகக் கடல் லாம்ப்ரேயாக இருக்கும். அது ஒட்டுண்ணிதான். வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் புகுந்து அங்கிருந்த ட்ரௌட் மீன்களைச் சூறையாடியதும் உண்மை. ஆனால் லாம்ப்ரே இனங்களில் பாதிக்கு மேல் யார் ரத்தத்தையும் தொடுவதில்லை. ஐரோப்பிய ஓடை லாம்ப்ரே அப்படி ஒன்று. நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே முடிந்துபோகும் உயிர். வளர்ந்தாலும் 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். செதிலும் எலும்பும் கிடையாது, உள்ளே வெறும் குருத்தெலும்பு. பக்கத்துக்கு 7 செவுள் துளைகள்.

இதன் வாழ்நாளில் பெரும்பகுதி இளம்புழுப் பருவத்திலேயே கழிகிறது. முட்டையிலிருந்து வந்ததும் நீரோட்டத்தோடு போய், ஓட்டம் தணிந்த இடத்து வண்டலுக்குள் புதைந்துகொள்ளும். கண்கள் தோலுக்கடியில் மறைந்திருக்கும், பல்லும் இல்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, நுண்பாசிகளையும் மக்கிய துகள்களையும் சளியில் ஒட்டவைத்து விழுங்கும். இப்படியே பல ஆண்டுகள். வளர்ந்த மீனோடு இதற்கு உருவ ஒற்றுமையே தெரியாததால் வேறொரு விலங்கு என்றே அறிவியலாளர்களும் நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1856-இல் ஆகஸ்ட் முல்லர் காட்டினார். எத்தனை பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் உருமாற்றம். கண் திறக்கிறது, உறிஞ்சி வாய் உருவாகிறது, மழுங்கிய பற்களும் வருகின்றன. ஆனால் அதே நேரத்தில் குடல் சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு அது எதையும் சாப்பிடுவதில்லை. சேற்றில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே குளிர்காலத்தைத் தாண்டி, வசந்தத்தில் சரளைக்கல் பரவிய ஆழமற்ற இடத்துக்கு வரும். உங்களைப் பயமுறுத்திய அந்த வாயால்தான் ஒவ்வொரு கல்லாகப் பிடித்து நகர்த்திக் குழி பறிக்கும். பல மீன்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. முட்டையிட்ட சில நாட்களில் எல்லாம் இறந்துபோகும்.

சட்டத்துக்கு வருவோம். 1992-இல் வந்த ஐரோப்பிய வாழிடச் சட்டம் இந்த மீனோடு இதன் வாழிடத்தையும் சேர்த்தே பாதுகாக்கச் சொல்கிறது. அது சரியான முடிவு என்பேன். முட்டையிட இதற்குச் சுத்தமான சரளை வேண்டும், வளர மெல்லிய வண்டல் வேண்டும். இரண்டும் ஒரே ஓடையில், போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். நடுவில் சின்னத் தடுப்பணை வந்தாலும் இதனால் தாண்டிக் குதிக்க முடியாது. தூர்வாரும்போதோ பல ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் மொத்தமும் சேற்றோடு கரைக்கு வந்துவிடும். நாம் அழுக்கு என்று வாரிப்போடும் அந்தச் சேறுதான் இதன் வீடு. தூர்வாரியே ஆகவேண்டிய ஓடை என்றால், ஒரே மூச்சில் முழுவதையும் வாராமல் பகுதி பகுதியாகச் செய்யலாம். கரையோர வண்டலில் கொஞ்சமாவது விட்டுவைக்கலாம்.