குறைந்தபட்சச் சம்பளம் ஏறினால் முதலாளிகள் தொழில் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிடுவார்களா?

எல்லாரும் நிறுத்த மாட்டார்கள். என்ன தொழில், எத்தனை பேர் வேலை செய்யும் இடம் என்பதைப் பொறுத்தது. நான் மலேசியாவில், பினாங்கு பிறையில் ஒரு சிஎன்சி பட்டறையில், அதாவது கணினி ஓட்டும் இயந்திரங்களில் உலோகம் கடையும் இடத்தில், மேற்பார்வையாளர். புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு.

வரைபடம் படிப்பது, மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பிடிப்பது, டூல் ஆஃப்செட் போடுவது (வெட்டும் கருவி எங்கே நிற்கிறது என்ற அளவை இயந்திரத்துக்குக் கொடுப்பது) எல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் உதவும். ஆஃப்செட்டில் தசமப் புள்ளி ஒன்று தள்ளிப்போனால் டூல் நேராகப் போய், உலோகத்தைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் இடிக்கும். அதனால் பழைய ஆள் ஒருவர் கொஞ்ச நாளைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சம்பளம் ஏறும்போது முதலாளி முதலில் கைவைப்பது அந்த நேரத்தில்தான்.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் இதை 1960களிலேயே விளக்கினார். எங்கும் செல்லுபடியாகும் தொழிலை முதலாளி தன் காசில் கற்றுக்கொடுக்கத் தயங்குவார்; கற்றவர் நாளைக்கே வேறு இடம் போகலாம். ஆகவே பழகும் காலத்தில் குறைந்த சம்பளம் வாங்கித் தொழிலாளியே அந்தச் செலவைச் சுமக்கிறார். சம்பளத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்தால் இந்த வழி அடைபடும். 2013-ல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கியபோது, தகுதிகாண் காலத்தின் முதல் 6 மாதம் 30 விழுக்காடு வரை குறைத்துக் கொடுக்க இடம் இருந்தது. 2025 முதல் 1,700 வெள்ளி.

ஆனால் பின்னால் வந்த பொருளாதார அறிஞர்கள் அசெமோக்லு, பிஷ்கே இருவரும் வேறு மாதிரி சொன்னார்கள். எப்படியும் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றால், ஆளை வேலை தெரிந்தவராக ஆக்கிக்கொள்வதுதான் முதலாளிக்கு லாபம். எங்கள் பட்டறையிலேயே பட்டன் அழுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டிங் சொல்லிக்கொடுக்கிறோம்.

என் வருத்தமெல்லாம் சின்னப் பட்டறைகளைப் பற்றித்தான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி அமைப்பின் நிதிக்குக் கட்டுகிறது. பயிற்சி கொடுத்தால் அதிலிருந்து கேட்டு வாங்கலாம். 5 முதல் 9 பேர் என்றால், விருப்பப்பட்டால் அரை விழுக்காடு. மூன்று பேர் வேலை செய்யும் கார் பட்டறைக்கு அதில் சேர வழியே இல்லை. நம் பிள்ளைகள் பலர் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துத் தொழில் பழகப் போவது அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் போனால் 1,700-ல் என்ன மிஞ்சும்? பழைய ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறாரே, அந்த நேரத்துக்கான கூலியைச் சின்னப் பட்டறைகளுக்கு அரசாங்கம் கொடுக்கட்டும்.