புவியியல் துறைக்கு இன்னும் என்ன வேலை?

வணக்கம் ஐயா,

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையைப் போகிறபோக்கில் ஒரு வரியில் பாராட்டியிருந்தீர்கள். எங்கள் காலத்தில் புவியியல் என்றால் வரைபடத்தில் ஆறு குறிப்பது, அவ்வளவுதான். இப்போதுதான் கூகுள் உலகத்தையே அளந்து வைத்துவிட்டதே, இன்னும் அங்கே என்ன சாதிக்கிறார்கள்?

மு., கோவை

அன்புள்ள மு.,

கூகுள் பேச்சை எடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். 2013 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் அந்தத் துறையின் மேத்யூ ஹேன்சன் குழு உலகக் காடுகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. கணினிகள் கூகுளுடையவை, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைச் சில நாட்களில் அலசி முடித்தன. ஆனால் எது மரம், எது மேகத்தின் நிழல், எது பயிர் என்று பிரித்தறியும் முறை புவியியல்காரர்களுடையது. 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்பரப்பு போயிருந்தது, 8 லட்சம் புதிதாக வந்திருந்தது. போனது மட்டும் இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். பிரேசிலில் காடழிப்பு குறைந்த அதே காலத்தில் இந்தோனேசியாவில் ஏறிக்கொண்டே போனதும் அதில் தெரிந்தது. அதற்குமுன் ஒவ்வொரு நாடும் தானே கொடுக்கும் கணக்கைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அந்தக் கணக்கிலோ 'காடு' என்பது நாட்டுக்கு நாடு வேறு.

இதில் பலரும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. 2008-க்கு முன் ஒரு லேண்ட்சாட் படத்தின் விலை 600 டாலர் வரை. ஆறரை லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், 40 கோடி டாலரைத் தொடும். எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? அந்த ஆண்டு அமெரிக்க அரசு படங்களை இலவசமாக்கியது. என் கணக்கில் பாதிப் புகழ் அந்த முடிவுக்குத்தான் சேர வேண்டும்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் அந்த வரைபடத்தில் மரம்தான். யூகலிப்டஸ் தோப்பும் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் மழைக்காடும் ஒரே நிறம். தோப்பை வெட்டினால் அதுவும் இழப்புக் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டே அதே இதழில் இதைச் சுட்டிக்காட்டி மறுப்பு வந்தது, நியாயமான மறுப்பு. இன்றும் செய்திக்காரர்கள் அந்த வரைபடத்தில் இழப்பைக் காட்டும் சிவப்பையெல்லாம் 'அழிந்த காடு' என்று எழுதிவிடுகிறார்கள்.

மேலிருந்து எடுத்த படத்தில் நிறம் தெரியும், உயரம் நேரடியாகத் தெரியாது. அதற்கும் அதே துறையிலிருந்துதான் ஒரு கருவி வந்தது. ரால்ஃப் துபையா தலைமையில் உருவான 'ஜெடை' 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனது. லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, மர உச்சியில் பட்டுத் திரும்புவதற்கும் தரையில் பட்டுத் திரும்புவதற்கும் உள்ள நேர வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. உயரம் தெரிந்தால் மரத்தில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று மதிப்பிடலாம். 2023 மார்ச்சில் வேறொரு கருவிக்கு இடம் வேண்டும் என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள் (விண்வெளியிலும் இடப்பிரச்சினைதான்!). 2024 ஏப்ரலில் மறுபடி மாட்டினார்கள்.

அப்புறம், பஞ்சாபில் நெல் தாளை எரிக்கும் பருவத்தில் சிவப்புப் புள்ளிகளோடு பத்திரிகைகளில் படம் வருமே, பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிகளைத் தரும் நாசாவின் தீ எச்சரிக்கைச் சேவையும் இந்தத் துறையில் உருவானதுதான்.