கூரையைத் தாழ்த்தலாமா?

கேள்வி: பழைய செடான் கார் ஒன்றை ஹாட் ராடாக (வேகத்துக்கும் தோற்றத்துக்குமாக மாற்றியமைத்த பழைய கார்) மாற்றுகிறேன். கூரையைத் தாங்கும் தூண்களில் நான்கு அங்குலம் வெட்டி, கூரையை அப்படியே இறக்கி வெல்டிங் வைத்தால் போதாதா?

பதில்: ஃபோர்டு மாடல் ஏ போல தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கிற வண்டி என்றால் பெரும்பாலும் போதும். 1949-51 மெர்க்குரி மாதிரி சாய்ந்த தூண் என்றால் இறக்கியதும் மேல்துண்டும் கீழ்த்துண்டும் விலகி நிற்கும், அப்புறம் கூரையையே குறுக்கே அறுத்து, நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூணை இன்னும் சாய்க்க வேண்டும். எதுவானாலும், வெட்டும் முன் கதவுகளைப் பொருத்தமாக மூடி, உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாய் வைத்து பாடியை இறுக்கிவிடுங்கள். இதை விட்டால் கதவு பிறகு சரியாக மூடாது. வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் தகடு சூட்டில் நெளியும். கண்ணாடியா? தட்டையான லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்றால் வெட்டலாம், டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி) நொறுங்கிவிடும். நான்கு அங்குலம் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது, முதலில் கண்ணாடியில் அந்த அளவுக்கு டேப் ஒட்டி மறைத்து, உள்ளே உட்கார்ந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள்.