கடும் துயரத்தின் நடுவில் கிறிஸ்தவ விசுவாசம் உங்களுக்கு எவ்வாறு அமைதியைத் தந்தது?

என் தம்பி சாலை விபத்தில் இறந்தபோது அவனுக்கு 27 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றில் தலைமுறைகளாகத் திருச்சபையோடு ஒட்டி வாழும் குடும்பம் எங்களுடையது என்பதால், அடக்க ஆராதனை முடிந்த பின்னும் பல நாட்கள் உறவினரும் சபையாரும் வந்து ஜெபித்துச் சென்றார்கள். "கர்த்தருக்குச் சித்தமானது நடந்திருக்கிறது, அழக்கூடாது" என்று பலர் அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், என் தம்பியை எடுத்துக்கொண்டவரிடமே ஆறுதலையும் கேட்க வேண்டுமா என்ற எண்ணம் எழுந்து, குடும்ப ஜெபத்தில் வாய் திறக்க முடியாமல் போயிற்று. ஆலயத்திற்கு அம்மாவுக்காகப் போனேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்து, உதடு அசையாமல் நின்றேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் எங்கள் ஊர்ச் சபையைக் கவனித்துவரும் உபதேசியார் வந்தார். வெகுநேரம் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் அதில், முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. மொத்தம் ஆறு வசனங்கள்தான். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வசனத்துக்கு வந்ததும், இது என் வாயில் பொய்யாகிவிடும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். "அப்படியென்றால் நாலோடு நிறுத்திக்கொள் அம்மா, அதுவும் ஜெபம்தான்" என்றார் அவர்.

அன்று முதல் தினமும் இரவில் அந்த நான்கு வசனங்களை மட்டும் சொன்னேன். பிறகுதான் வேதாகமத்தில் இத்தகைய முறையீடு எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் விடியாமலே முடிந்துவிடுகிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு மௌனமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது வரை சரியாகவே இருந்தது. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே பிழை நேர்ந்தது. முடிவில் கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான், கசந்து முறையிட்ட யோபு பேசியதையோ நிதானமானது என்றார். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொண்டுவந்தது உபதேசம் அல்ல, அடையும் தண்ணீரும். இறந்துபோன நண்பன் லாசருவைத் தாமே உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். சிலுவையிலோ, "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியையே தம் முறையீடாகக் கூவினார். நான் ஆலயத்தில் ஊமையாக நின்றபோது கேட்க முடியாமல் தவித்த கேள்வியை அவரே கேட்டிருக்கிறார் என்று உணர்ந்த இரவில்தான், தம்பி போன பின் முதன்முறையாக நான் விடியும்வரை தூங்கினேன்.

துக்கம் அதனால் குறைந்துவிடவில்லை. தெருவில் இரவு ஒன்பது மணிக்கு பைக் சத்தம் கேட்டால் இன்றும் அம்மா வாசலைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். ஆயினும் ஆராதனையின் முடிவில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) ஆசீர்வாதத்தில் கூறும் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்பதை, ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதபோதும் அந்தக் கேள்வியோடு ஒருவர் முன்னிலையில் இருக்க முடிகிற நிலை என்றே இப்போது புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் இப்போது அத்தகைய நாட்களில் இருந்தால், தூக்கமும் உணவும் இல்லாமல் போயிருக்குமானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. இரவில் 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உண்மையாகச் சொல்ல முடிகிற வசனம் வரைக்கும் போதும். ஐந்தாம் வசனத்தைச் சொல்ல எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.