பனியில்லாத மாதங்களின் உழைப்பு

கேள்வி: 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டர் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில் நார்வேயின் மாரிட் பியோர்கென் தமது 37-வது வயதில் தங்கம் வென்றதாகப் படித்தேன். இத்தகைய வெற்றிக்காக ஆண்டு முழுவதும் உடலை வருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா? பனியே இல்லாத கோடையில் என்ன செய்வார்கள்?

பதில்: உழைப்பின் அளவு மலைக்க வைப்பதுதான், ஆனால் அது உடலை வருத்தும் உழைப்பு அன்று. பியோர்கெனின் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்த நார்வே ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரமாக இருந்த அவரது பயிற்சி, 35 வயதில் 940 மணி நேரமாக உயர்ந்திருந்தது. ஓய்வு நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இது நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது, அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் தாங்குதிறன் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், உடன் வருபவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய மிதமான வேகத்தில் நடந்தது என்பதே. கைகளும் கால்களும் முதுகும் ஒருசேர ஆக்சிஜன் கேட்கும் இந்த விளையாட்டில், நீண்ட நேர மிதமான உழைப்பு இதயத்தை வலுவாக்கி, தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்குகிறது; கடும் பயிற்சியையே நாள்தோறும் செய்தால் உடல் தேறுவதற்கு அவகாசம் கிடைக்காது.

பந்தயங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை நடந்தாலும், பயிற்சி ஆண்டு மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. தார்ச்சாலையில் சக்கரம் பொருத்திய ரோலர் ஸ்கீ, கையில் கோல்களுடன் மலையேற்ற ஓட்டம், எடைப் பயிற்சி, இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைகளில் உயர்நில முகாம்கள் என்று கோடை கழியும். பார்ப்பவர் எவருமில்லாத இந்த மாதங்களில்தான் ஒரு வீராங்கனையின் ஈடுபாட்டை உண்மையாக அளக்க முடியும் என்பது என் கருத்து. பியோர்கென் முதன்முதலில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 2002-இல். முதல் தங்கமோ 2010-இல், 29 வயதில்தான் கிடைத்தது. இறுதியில் அவர் சேர்த்த ஒலிம்பிக் பதக்கங்கள் 15, அவற்றில் தங்கம் 8.

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகும் அவர் எப்படி வெல்ல முடிந்தது?

பதில்: இதை அதிசயம் என்று எழுதுவது அவருடைய உழைப்பைக் குறைத்துக் காட்டுவதாகும். 2015 டிசம்பரில் மகன் பிறந்தான். அந்தப் பருவம் முழுவதும் அவர் போட்டிகளுக்குச் செல்லவில்லை. கர்ப்ப காலத்திலும் மிதமான பயிற்சியைத் தொடர்ந்தார், பிரசவத்துக்குப் பின் அதைப் படிப்படியாகவே கூட்டினார். 2017-இல் பின்லாந்தின் லாத்தி நகரில் நடந்த உலகப் போட்டியில் நான்கு தங்கம் வென்றார். நீங்கள் குறிப்பிட்ட 30 கிலோமீட்டர் பந்தயத்திலோ, இரண்டாவதாக வந்தவரை ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் முந்தினார். 2018 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தபோது, இன்னொரு பருவத்துக்கு முழுமையாக உழைப்பதற்கான உந்துதல் தம்மிடம் இல்லை என்பதையே அவர் காரணமாகச் சொன்னார்.