மொட்டை மாடியில் வீடியோ கேமரா வைத்து எரிகற்களைப் பதிவு செய்ய முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும். தொலைநோக்கியோ டிஎஸ்எல்ஆரோ வேண்டியதில்லை. "வீட்டில் இருக்கிற சிசிடிவி கேமராவையே வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரையே ஒரு கணம் வெளிச்சமாக்கும் தீப்பந்துகளுக்கு அது போதும். இரவு முழுக்க வந்துபோகும் சாதாரண எரிகற்களும் சிக்க வேண்டும் என்றால் லென்ஸை மாற்ற வேண்டும், கேமராவுக்குள் சில வசதிகளை அணைக்க வேண்டும். அதற்கும் மேலாக, எடுத்த வீடியோ ஆய்வுக்குப் பயன்பட வேண்டும் என்றால் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது. பலரும் கேமரா வாங்குவதில் காட்டும் அக்கறையை இந்த இரண்டில் காட்டுவதில்லை.

முதலில் லென்ஸ். நட்சத்திரம் ஒரே இடத்தில் நிற்பதால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்க்கலாம். எரிகல்லுக்கு அது செல்லாது. டிசம்பரில் வரும் ஜெமினிட் எரிகல் மழையின் கல் ஒன்று நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில், 100 கி.மீ. தொலைவில் நமக்குக் குறுக்கே போனால், நொடிக்கு 20 டிகிரி நகரும். 4 மி.மீ. லென்ஸும் 1280×720 படமும் என்றால் அகலவாக்கில் ஏறக்குறைய 88 டிகிரி வானம் விழும். டிகிரிக்குச் சுமார் 15 பிக்சல். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில், அந்த எரிகல் ஒரு ஃப்ரேமிலேயே 12 பிக்சலைத் தாண்டிவிடுகிறது. ஷட்டரை இன்னும் நீட்டினால் எரிகல்லின் ஒளி கூடாது, வானத்தின் பின்னணி வெளிச்சம்தான் கூடும். ஆகவே ஒளி சேர்க்க ஒரே வழி லென்ஸின் வாயை அகலப்படுத்துவது. சாதாரண சிசிடிவி 4 மி.மீ. லென்ஸ் எஃப் 2.0 என்றால் அதன் திறப்பு 2 மி.மீ. எஃப் 0.95 லென்ஸில் 4.2 மி.மீ. நான்கு மடங்குக்கும் மேல் ஒளி. பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

சென்சார் சோனியின் ஸ்டார்விஸ் வரிசையில் ஐஎம்எக்ஸ்291 அல்லது ஐஎம்எக்ஸ்307 உள்ள ஐபி கேமரா (நெட்வொர்க் கேபிளில் படத்தை அனுப்பும் கேமரா) போர்டு. இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் கண்ணாடி சென்சாருக்கு முன்னால் இருக்கக் கூடாது, இருந்தால் எடுத்துவிடுங்கள். கேமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் எல்இடிகளின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி படம் முழுக்க வெள்ளையடிக்கும்.

அடுத்து கேமராவின் செட்டிங்குகள். கறுப்பு வெள்ளை, ஷட்டர் 1/25 நொடி, கெயின் (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறாமல் ஒரே அளவு. டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்தும் வசதி), ஷார்ப்பனிங், திரையில் வரும் எழுத்துகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதியைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களைச் சராசரி எடுத்து, ஒரே ஃப்ரேமில் மட்டும் தோன்றும் புள்ளியை இரைச்சல் என்று துடைத்துவிடும். மங்கலான எரிகல் அப்படித்தான் காணாமல் போகிறது. 'சென்ஸ்-அப்' என்ற பெயரில் வரும் மெதுவான ஷட்டர் வசதி அதைவிடப் பொல்லாதது. படம் பளிச்சென்று தெரிவதால் கேமரா நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். உண்மையில் சென்சார் பல ஃப்ரேம்களின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து, அதே படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். எரிகல் குதித்துக் குதித்துப் போகும். அதன் வேகத்தைக் கணக்கிடவே முடியாது.

ஃபோகஸை நட்சத்திரங்களை வைத்து இரவில்தான் செய்ய வேண்டும். பகலில் தூரத்துச் செல்போன் கோபுரத்தைப் பார்த்துச் சரிசெய்தால் இரவில் மங்கும்; இன்ஃப்ராரெட் ஒளி குவியும் இடம் வேறு. இந்தக் கேமராக்களில் திருகிப் பொருத்தும் எம்12 வகை லென்ஸின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். வெறும் 10 டிகிரி திருப்பினால் 14 மைக்ரான். எஃப் 0.95 லென்ஸில் அந்த 14 மைக்ரானே நட்சத்திரத்தைச் சென்சாரில் சுமார் 15 மைக்ரான் அகலமாகப் பரப்பிவிடும். ஐஎம்எக்ஸ்291-ன் ஒரு பிக்சல் 2.9 மைக்ரான், அதாவது ஐந்து பிக்சல் அகலம். ஆகவே கணினியில் விஎல்சி வீடியோ பிளேயரில் நேரலையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். மரை தளர்வாக ஆடினால் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றலாம். நட்சத்திரம் படத்தில் இரண்டு பிக்சல் அகலத்தில் தெரிந்தால் போதும். ஒரே பிக்சலுக்குள் அடங்கும் அளவுக்குக் கூர்மையாக்க வேண்டாம், நட்சத்திரத்தின் மையத்தைக் கணிப்பது அப்போது கடினமாகும். முடிந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி, மறுபடியும் ஒருமுறை பாருங்கள். இறுக்கும்போதுதான் பெரும்பாலும் ஃபோகஸ் நகரும்.

கணினிக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி போதும், 128 ஜிபி கார்டுடன். மென்பொருள் ஆர்எம்எஸ், இலவசம், திறந்த மூலம். டெனிஸ் விடா தொடங்கிய குளோபல் மீட்டியார் நெட்வொர்க் என்ற எரிகல் கேமராக்களின் உலகளாவிய வலையமைப்பு இதைத்தான் பயன்படுத்துகிறது, அவர்கள் கணக்கிடும் எரிகல் பாதைகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். இது வீடியோவை அப்படியே சேமிப்பதில்லை. 256 ஃப்ரேம்களை, அதாவது 10.24 நொடிகளை, நான்கே படங்களாகச் சுருக்குகிறது: ஒவ்வொரு பிக்சலிலும் விழுந்த அதிகபட்ச ஒளி, அது எந்த ஃப்ரேமில் விழுந்தது, சராசரி, சராசரியிலிருந்து விலகல். ஒரு கோப்பு 3.7 எம்பி. 12 மணி நேர இரவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள், 15 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். இடம் குறையும்போது பழையவற்றை அதுவே அழித்துக்கொள்ளும். எரிகல் சிக்கிய கோப்புகள் மட்டும் சர்வருக்குப் போகும். சாதாரண பிராட்பேண்ட் தாராளம்.

ராஸ்பெர்ரி பை வீட்டுக்குள் இருக்கட்டும். மாடிக்கு வெளிப்புறத்துக்கான ஒரே ஒரு கேட்6 கேபிள். மின்சாரமும் படமும் பிஓஇ முறையில் அதிலேயே போகும், 100 மீட்டர் வரை. பவர் கட் ஆகி இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் பை அணைந்து கார்டு கெட்டுப்போவது நம் ஊரில் மிகச் சாதாரணம். பை, பிஓஇ கருவி, மோடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். பை 4-ல் தனிக் கடிகாரம் கிடையாது, ஆகவே டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றையும் செருகுங்கள். நெட் இல்லாமல் எழுந்தாலும் தேதி தவறாது.

இனி நேரம். இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி முறையில் பையின் கடிகாரம் சரியாக இருந்தாலும், ஐபி கேமராவின் படம் உள்ளே சுருக்கப்பட்டு வரிசையில் நின்று தாமதமாகத்தான் வரும். எவ்வளவு தாமதம் என்பதை அளந்துவிடலாம். நியோ-6எம் போன்ற ஜிபிஎஸ் மாட்யூலில் ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் சின்ன எல்இடி மின்னும். அதை இரவில் லென்ஸுக்கு முன்னால் பிடியுங்கள். முதலில் ஒளிரும் ஃப்ரேமுக்கு மென்பொருள் போட்ட நேரம் என்ன என்று பாருங்கள். நொடியின் பின்னத்தில் உள்ள வித்தியாசம்தான் தாமதம், 40 மில்லிசெகண்டுக்குள் தெரிந்துவிடும். முழு நொடிகளில் பிழை இருந்தால் இதில் தெரியாது. அதற்கு, என்டிபியோடு ஒத்துப்போகும் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டு ஒருமுறை கேமராவுக்குக் காட்டினால் போதும். எரிகல்லுக்கு இந்தத் துல்லியம் தாராளம். நிலையான சிறு தாமதத்தைக் கணக்கில் சரிசெய்துகொள்ள முடியும். நாளுக்கு நாள் ஓடும் கடிகாரத்தை ஒன்றும் செய்ய முடியாது.

திசையை நட்சத்திரங்களே சொல்லும். ஆர்எம்எஸ்ஸோடு வரும் ஸ்கைஃபிட்2 நிரலில், படத்தில் தெரியும் நட்சத்திரத்தையும் அட்டவணையில் உள்ள அதே நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். முப்பது, நாற்பது நட்சத்திரங்கள் எடுங்கள், முக்கியமாக நான்கு மூலைகளிலும். எல்லோரும் நடுவில் பளிச்சென்று தெரிபவற்றை மட்டும் எடுப்பார்கள். அகன்ற லென்ஸின் வளைவு முழுக்க ஓரத்தில்தான் இருக்கிறது. இதைச் செய்தபின் கேமரா அசையவே கூடாது. ஒரு டிகிரி திரும்பினால் 100 கி.மீ. தொலைவில் 1.7 கி.மீ. பிழை. துணி காயும் கம்பியிலோ பிவிசி குழாயிலோ கட்டாதீர்கள். சுவரில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்து முடுக்குங்கள். காக்கை வந்து உட்காரும் இடம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியின் மேல் சரிவான தகரம் ஒன்று போட்டால் வெயிலுக்கும் ஆகும், காக்கைக்கும் ஆகும்.

எந்தப் பக்கம் திருப்புவது? ஒரு கேமரா மட்டும் இருந்தால் எரிகல்லின் திசை தெரியும், தூரம் தெரியாது. இரண்டு ஊர்களிலிருந்து ஒரே எரிகல் பதிவானால்தான் உயரம், வேகம், சூரியனைச் சுற்றி அது வந்த பாதை எல்லாம் கிடைக்கும். மதுரையில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று வையுங்கள். நேர்கோட்டில் சுமார் 115 கி.மீ. இரண்டுக்கும் நடுவே துவரங்குறிச்சி. அதற்கு நேர் மேலே 100 கி.மீ. உயரத்தில் எரியும் கல்லை இரண்டு ஊர்களிலும் தொடுவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் பார்க்கலாம். இரண்டு பார்வைக் கோடுகளும் ஒன்றையொன்று 60 டிகிரியில் வெட்டும். மிக நல்ல வெட்டு. மதுரைக் கேமரா வடகிழக்கிலும் திருச்சிக் கேமரா தென்மேற்கிலும், நடுமையம் 45 முதல் 60 டிகிரி உயரத்தில் இருந்தால் போதும். நேர் உச்சியைப் பார்க்க வைக்க வேண்டாம். சாய்வாகப் பார்த்தால்தான் அதிகப் பரப்பளவு வானம் விழும். துணைக்கு ஆள் கிடைக்காதவரை, தெருவிளக்கு இல்லாத பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். அண்டை வீட்டு ஜன்னலோ மாடியோ படச் சட்டத்துக்குள் வராதபடி கீழ் விளிம்பை உயர்த்தி வையுங்கள்.

வடக்கைப் பார்த்த கேமராவில் வெயில் விழாது என்று பலர் நம்புகிறார்கள். நம் அட்சரேகையில் ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. காலையிலும் மாலையிலும் 88 டிகிரி சட்டத்துக்குள் நுழைந்துவிடும். அக்ரிலிக் குவிமாடம் உள்ள பெட்டி மஞ்சளாகிவிடும், கீறல் விழும். தட்டையான கண்ணாடி முகப்பு உள்ள பெட்டி வாங்கி வெள்ளை அடியுங்கள். கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், நீர் புகாமல் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டுடன். கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் அதன்வழியே உள்ளே வராது. உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். பகலிலும் கேமராவை அணைக்க வேண்டாம், அதன் சொற்பச் சூடுதான் விடியற்காலைப் பனி கண்ணாடியில் படியாமல் காக்கிறது. கடலோர ஊர் என்றால் நெட்வொர்க் பின்களில் உப்பு ஏறிப் பச்சை பிடிக்கும்; சிலிகான் கிரீஸ் தடவுங்கள். மின்னலுக்கு, பிஓஇ கேபிளில் எர்த் செய்த சர்ஜ் அரெஸ்டர் ஒன்று வேண்டும். கேமரா மாடியின் மிக உயரமான பொருளாக இருக்கக் கூடாது.

பதிவானதெல்லாம் எரிகல் ஆகாது. விமானம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டு நீளமாகப் போகும். செயற்கைக்கோள் நொடிக்கு ஒரு டிகிரி அளவில் ஊர்ந்து போகும். பூச்சி கேமராவுக்கு அருகில் பறப்பதால் கலங்கலாக, இறக்கை அடிக்கும் தாளத்தில் முத்துக்கோத்ததுபோல் தெரியும். எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நேர்கோடு, மெல்லத் தொடங்கிப் பிரகாசமாகி அணையும்.

எப்போது எதிர்பார்க்கலாம் என்றால், டிசம்பர் 13, 14-ல் ஜெமினிட் நமக்கு மிக வாகானது. அந்த எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் வானப் புள்ளி நள்ளிரவுக்குப் பின் நம் உச்சிக்கு அருகிலேயே வருகிறது. வடகிழக்குப் பருவமழை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். பலரும் பேசும் ஆகஸ்ட் பெர்சீட் நம் வானத்தில் வடக்கே தாழ்வாகவே நிற்கும், மேகமும் அதிகம். அதைவிட மே 5, 6 விடியற்காலையில் வரும் ஈட்டா அக்வாரிட் நமக்குப் பொருத்தம். ஆனால் எரிகல் மழை நாட்களுக்கு மட்டும் கேமராவைப் போடாதீர்கள். எந்த எரிகல் மழையிலும் சேராத தனி எரிகற்கள் தினமும் வருகின்றன. பெரிய தீப்பந்து நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.

இப்போதைக்குச் சிசிடிவிதான் இருக்கிறது என்றால், அதையும் குறைத்து எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் மேல் வந்த தீப்பந்தை எரிகல் கேமராக்களோடு வீட்டுக் கதவு மணிக் கேமராக்களும் பதிவு செய்தன. விண்கல் விஞ்ச்கோம்ப் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்து மறுநாள் காலையே எடுக்கப்பட்டது. அரிய கார்பன் வகைக் கல், அது வந்த சுற்றுப்பாதையும் கணக்கிடப்பட்டது. உங்கள் சிசிடிவியும் அப்படிப் பயன்பட, அதன் பதிவுப் பெட்டியான என்விஆரில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நேர அமைப்பில் என்டிபியை இயக்கி, நேர மண்டலம் 5:30 என்று உறுதிசெய்யுங்கள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்பதை மாற்றி, இரவு முழுக்கத் தொடர் பதிவு வையுங்கள். தீப்பந்து சிக்கிவிட்டால் கேமராவைத் தொடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். என்விஆரிலிருந்து அசல் கோப்பை அப்படியே எடுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிய வீடியோவில் ஃப்ரேம் நேரமும் துல்லியமும் போய்விடும். அன்றே என்விஆர் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று குறித்துவையுங்கள். கேமராவின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போனில் பார்த்து எழுதுங்கள். அடுத்த தெளிவான இரவில், அதே கோணத்தில், நட்சத்திரமோ வெள்ளியோ நிலாவோ சட்டத்துக்குள் வரும் நேரத்தில் சில நிமிடப் பதிவையும் எடுத்துச் சேர்த்துவையுங்கள். அதை வைத்துத்தான் முந்தைய இரவின் திசையைக் கணக்கிடுவார்கள்.