24 வோல்ட் பேட்டரி உள்ள விசைப்படகின் வீல்ஹவுஸில் (சுக்கான் பிடிக்கும் அறையில்) 12 வோல்ட் கார் ஸ்டீரியோவை எப்படி வயரிங் செய்வது? இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்கவே கூடாது. பல படகுகளில் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள், செட்டும் பாடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் கீழே உள்ளது, அதாவது மைனஸ் பக்கத்துப் பேட்டரி மட்டும், செட்டுக்காகக் கூடுதலாக இறங்கும். டைனமோ சார்ஜ் ஏற்றும்போது இரண்டின் வழியாகவும் ஒரே கரண்ட்தான் போகும். மேல் பேட்டரி சீக்கிரம் நிறைந்து, அதற்கு மேலும் சார்ஜ் வாங்கித் தண்ணீரைக் கொதிக்கவிடும். கீழ் பேட்டரி கடைசிவரை நிறையாமலே கிடந்து தகட்டில் சல்பேட் படியும். கடைசியில் இரண்டுமே போகும். கரையிலிருந்து 30 மைலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு அந்த நடு வயர் ஒன்றே போதும்.

சரியான வழி, 24-லிருந்து 12-க்கு இறக்கும் டிசி கன்வெர்ட்டர். லாரி எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். ஸ்விட்ச்சிங் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வோல்டேஜைச் சூடாக்கிக் குறைக்கும் பழைய டிராப்பர் வகை வேண்டாம். சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் லைனில் உண்மையில் 28 வோல்ட் இருக்கும். 10 ஆம்பியர் எடுத்தால் டிராப்பரில் மட்டும் 140 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். ஏற்கெனவே வெக்கையான வீல்ஹவுஸில் அது ஆபத்தும்கூட.

எத்தனை ஆம்பியர் கன்வெர்ட்டர்? பெரும்பாலான கார் செட்டுகளின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அட்டையில் 4 × 50 வாட் என்று அச்சடித்திருந்தாலும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 120 வாட்தான். அதிலும் பாதிக்குப் பக்கம் சூடாகிவிடும். ஆகவே தொடர்ந்து 15 ஆம்பியர் தரக்கூடிய கன்வெர்ட்டர் தாராளம். வாங்கும்போது 'பீக்' என்று போட்ட எண்ணைப் பார்க்காதீர்கள், 'தொடர்ச்சி' என்று போட்ட எண்ணைப் பாருங்கள். தனி ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் வைக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டும்.

கன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேட்டரி பக்கத்தில், இன்ஜின் ரூமில் வைக்காதீர்கள். சூடு ஒரு காரணம், வோல்டேஜ் இன்னொரு காரணம். பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் வரை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.0074 ஓம். 12 வோல்ட்டாக 10 ஆம்பியரை இந்த வயரில் அனுப்பினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும், அதாவது 7 சதவீதத்துக்கு மேல். 24 வோல்ட்டாகவே அனுப்பி செட்டின் பக்கத்தில் இறக்கினால் ஓடுவது 5.5 ஆம்பியர் அளவுதான், இழப்பு அரை வோல்ட், 2 சதவீதம். அதே வயர், அதே செலவு. ஆகவே கன்வெர்ட்டர் வீல்ஹவுஸில், காற்றோட்டமுள்ள, தண்ணீர் தெறிக்காத கீழ்ப் பெட்டியில் இருக்கட்டும். திசைகாட்டிக்கும் விஎச்எஃப் செட்டுக்கும் (படகுகள் பேசிக்கொள்ளும் ரேடியோ) ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

இப்போது லைன். பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டர் ஸ்விட்ச்சின் லோடு பக்கத்திலிருந்து எடுங்கள், பேட்டரி டெர்மினலில் நேராகக் கோர்க்காதீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கட்டியே கிடக்கும். செட்டின் மெமரி வயர் 5 மில்லி ஆம்பியர்தான் தின்னும், 61 நாளுக்கு 7 ஆம்பியர்-ஹவர் சொச்சம். ஆனால் கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள், அதே 61 நாளில் 44 ஆம்பியர்-ஹவர் போய்விடும். ஐசொலேட்டருக்குப் பின்னால் இருந்தால், ஸ்விட்ச்சை அணைத்தவுடன் இரண்டுமே நின்றுவிடும். செட் ஸ்டேஷன்களை மறந்துவிடும், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்டார்ட்டிங் பேட்டரி தனியாகவும் கருவிகளுக்கான பேட்டரி தனியாகவும் உள்ள படகு என்றால் கேள்வியே இல்லை, கருவிகளின் பக்கம்தான்.

எடுக்கும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் வர வேண்டும். செட்டின் பின்னால்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அது செட்டைக் காப்பாற்றும். இந்த ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. இன்ஜின் ரூமில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் இல்லாத லைனில் பேட்டரி தன் முழு பலத்தையும் கொட்டும். வயர் சிவந்து, பக்கத்து வயர்களின் தோலும் உருகும். மூடி போட்ட, தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டராகப் பார்த்து, பேட்டரிப் பெட்டிக்கு வெளியே மாட்டுங்கள். பெட்டிக்குள் ஹைட்ரஜன் வாயு தேங்கும், அங்கே பொறி பறக்கக் கூடாது. கன்வெர்ட்டருக்கும் செட்டுக்கும் நடுவில் இன்னொரு 10 ஆம்பியர் ஃபியூஸ்.

மைனஸ் வயரையும் ப்ளஸ் கூடவே பேட்டரி மைனஸ் பஸ்பார் (மைனஸ் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) வரை தனியாக இழுக்க வேண்டும். காரில் பாடியில் எர்த் கொடுப்பது போல இங்கே இன்ஜின் பிளாக்கிலோ, இரும்புப் படகு என்றால் அதன் உடல் தகட்டிலோ கொடுக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் நிற்கும் உலோகத்தில் கரண்ட் கசிந்தால் ஷாஃப்ட், புரொப்பல்லர், தகடு எல்லாவற்றையும் அது அரிக்கும். அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டி எத்தனை மாட்டினாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இரண்டு வயரையும் அடிக்கு நாலைந்து முறுக்கு வீதம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போங்கள். போகும் கரண்டின் காந்தப்புலத்தை வரும் கரண்ட் பெரும்பாலும் அழித்துவிடும், திசைகாட்டிக்கு நல்லது. அரை மீட்டருக்கு ஒரு கிளிப் அடியுங்கள். படகின் அதிர்வில் தொங்கும் வயர் ஒரே சீசனில் உரசித் தேயும்.

மூட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும், கடலில் செட் கெடுவதைவிட மூட்டு கெடுவதே அதிகம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சாதாரண வயர் என்றால் தோலை 8 மில்லிமீட்டர் உரித்து செம்பின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்தோ பச்சைக் களிம்போ தெரிந்தால், பளிச்சென்று வரும்வரை வெட்டிக்கொண்டே பின்னால் போங்கள். தோலுக்குள் உப்பு ஊறிய வயரில் எந்த மூட்டும் நிற்காது. உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் கனெக்டரில் கடைசி இழை வரை நுழைத்து, ராட்செட் கிரிம்பிங் கருவியால் நசுக்குங்கள். பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பிறகு சூடு காட்டும்போது ஸ்லீவின் இரண்டு முனையிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வர வேண்டும், அதுதான் அடைத்துவிட்டதற்கு அடையாளம். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் டீசல் ஆவியிலும் வெயிலிலும் பசை இளகி டேப் நழுவும். சால்டரிங் மட்டும் வைத்தாலும் போதாது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அது முடியும் விளிம்பில் அதிர்வால் ஒடியும். ஓட்டை அடைக்க சிலிக்கான் பூசுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

செட்டின் பின் வயர்கள்: மஞ்சள் நிலையான 12 வோல்ட், சிவப்பு ஸ்விட்ச் வழியாக வரும் 12 வோல்ட், கறுப்பு மைனஸ். முக்கிய கரண்ட் மஞ்சளில்தான் போகும், சிவப்பு 'ஆன்' சைகை மட்டுமே. அதனால் சிவப்புக்குச் சின்ன ஸ்விட்ச் போதும். வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர் இடது, வலது. பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர். கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் மைனஸ். நீலம் ஆன்டெனா அல்லது ஆம்ப்ளிஃபயருக்கானது, தேவையில்லை என்றால் முனையை மூடிவிடுங்கள். சில மலிவு செட்டுகள் இந்த நிற ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை, மேலே ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் மைனஸை எக்காரணம் கொண்டும் எர்த்தில் சேர்க்காதீர்கள், மற்ற ஸ்பீக்கரின் மைனஸோடும் சேர்க்காதீர்கள். இந்த செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே வோல்டேஜ் இருக்கும். எர்த் தொட்டால் நல்ல செட் 'புரொடெக்ட்' காட்டி அணையும், மற்றது ஐசி எரிந்து போகும்.

செட்டைச் சொருகும் முன் மல்டிமீட்டர். கன்வெர்ட்டர் வெளியே 13 வோல்ட் சுமார் வர வேண்டும், 14.4-ஐத் தாண்டக் கூடாது. ப்ளஸ் மைனஸ் மாறவில்லை என்பதை இங்கேயே பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் உள்ளே உள்ள டையோடு ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், அதற்குப் பிறகு புது ஃபியூஸ் போடப் போட எரிந்துகொண்டே இருக்கும். எல்லா வயரும் செட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சிங்கிள் டின் (வழக்கமான ஒற்றை உயர கார் செட் அளவு) செட்டுக்கு வெட்ட வேண்டிய ஓட்டை 182 × 53 மில்லிமீட்டர். பின்னால் வயருக்கு 5 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

ஸ்பீக்கர் பிளாஸ்டிக் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாக இருக்கட்டும். காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிப் பிய்ந்துவிடும். ஒரு சேனலுக்கு ஒரு 4 ஓம் ஸ்பீக்கர்தான். டெக்கிலும் பாட்டு வேண்டும் என்று இரண்டை இணையாகக் கோர்த்தால் 2 ஓம் ஆகி செட் கொதிக்கும். டெக் ஸ்பீக்கர்களைப் பின் சேனலில் கொடுங்கள்.

செட் பாடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாதி வேலை இனிமேல்தான்: அது மற்ற கருவிகளைக் கெடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருப்பது பலமான காந்தம். படகைக் கரையில் அசையாமல் கட்டி, ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஸ்பீக்கரை 2 மீட்டரிலிருந்து மெதுவாகப் பொருத்தும் இடத்துக்குக் கொண்டுவரட்டும். திசைகாட்டிக்குள் சுழலும் டிகிரி அட்டை அசைந்தால் அந்த இடம் ஆகாது. 2 டிகிரி பிசகு என்பது 30 கடல்மைல் ஓடினால் ஒரு மைல் விலகல். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று விடாதீர்கள். ஜிபிஎஸ் போன அன்றைக்குத்தான் திசைகாட்டியை நம்பி வர வேண்டியிருக்கும்.

அடுத்து விஎச்எஃப். ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, அபாய அழைப்புக்கான சேனல் 16-ல் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) இரைச்சல் நிற்கும் எல்லையில் வையுங்கள். இப்போது கன்வெர்ட்டரையும் செட்டையும் போடுங்கள். மறுபடி இரைச்சல் கிளம்பினால், தூரத்துப் படகின் அழைப்பு அதில் மூழ்கிவிடும். யூஎஸ்பி சார்ஜர் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். கன்வெர்ட்டரின் உள், வெளி வயர்களை ஃபெரைட் வளையத்தில் மூன்று நான்கு சுற்று சுற்றி, கன்வெர்ட்டரை ஒட்டியே கட்டினால் பெரும்பாலும் குறையும். குறையவில்லை என்றால் கன்வெர்ட்டரை இன்னும் தள்ளி வையுங்கள் அல்லது வேறு வாங்குங்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் திரையில் புதிதாகப் புள்ளிக் கோடுகள் விழுகின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு வரும் கோளாறுகள் சில. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ங்ங்' ஓசை டைனமோவிலிருந்து வருவது: மைனஸ் வேறெங்கோ தொட்டிருக்கும், அல்லது வயர் டைனமோ கேபிளோடு ஒட்டி ஓடும். சத்தம் கூட்டினால் செட் அணைந்து எழுந்தால் வோல்டேஜ் விழுகிறது. பாட்டு ஓடும்போதே செட்டின் மஞ்சளிலும் கறுப்பிலும் மீட்டர் வையுங்கள், ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கிப் போனால் இடம் தெரியும். ஐசொலேட்டரை அணைக்காதபோதும் ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன் மறந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது.

எஃப்எம் சரியாக எடுக்கவில்லை என்றால், கார் ஆன்டெனா இரும்புப் பாடியைத் துணையாகக் கொண்டு வேலை செய்வது, ஃபைபரிலும் மரத்திலும் அது கிடைக்காது என்பதே காரணம். அந்த இரும்புத் துணை தேவைப்படாத படகு வகை ஆன்டெனா வாங்கி, விஎச்எஃப் ஆன்டெனாவிலிருந்து தள்ளி மாட்டுங்கள். இருக்கிற விஎச்எஃப் ஆன்டெனாவிலேயே செட்டையும் சேர்த்துக் கோர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மைக்கை அழுத்தும்போது வெளியே போகும் 25 வாட்டில் ஒரு பங்கு நேராக உங்கள் புது செட்டுக்குள் பாயும்.